எதிர்காலம் கடந்த காலத்தை மாற்றுமா? நேரம் பற்றி குவாண்டம் இயற்பியல் உண்மையில் சொல்வது என்ன?

"நாளைக்கு நீங்க எடுக்கப்போற முடிவு, நேத்து நடந்ததையே மாத்திடும். விஞ்ஞானிகள் நிரூபிச்சுட்டாங்க!" இப்படித் தொடங்கும் ரீல்ஸ் ஒன்றையாவது நீங்களும் பார்த்திருப்பீர்கள். பின்னணியில் ஒரு மர்ம இசை, திரையில் சுழலும் கடிகாரம், கடைசியில் "நேரம் என்பதே ஒரு மாயை" என்ற முடிவுரை. கமெண்ட்டில் பாதிப் பேர் ஆச்சரியப்படுகிறார்கள், மீதிப் பேர் "அப்போ போன வருஷத்தை மாத்த முடியுமா?" என்று கேட்கிறார்கள்.

அந்த வீடியோக்கள் குறிப்பிடும் பரிசோதனைகள் பொய்யல்ல. உண்மையான ஆய்வகங்களில் நடந்தவை, அறிவியல் இதழ்களில் வெளியானவை. ஆனால் அவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவுதான் தவறு. அதைவிட முக்கியம், நேரம் தொடர்பாக குவாண்டம் இயற்பியலில் நிஜமாகவே தீராத புதிர் ஒன்று இருக்கிறது. அதை இந்த வீடியோக்கள் தொடுவதே இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

முக்கிய அம்சங்கள்

• நேரம் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. இது அளந்து உறுதி செய்யப்பட்ட உண்மை.
• எதிர்காலத் தேர்வு கடந்த காலத்தை மாற்றியதாக எந்தப் பரிசோதனையும் நிரூபிக்கவில்லை.
• குவாண்டம் இயற்பியலும் ஐன்ஸ்டீனின் சார்பியலும் நேரத்தை இரண்டு வேறு விதமாகப் பார்க்கின்றன. இரண்டையும் இணைக்கும்போது நேரமே காணாமல் போகிறது. அதுதான் இன்னும் தீராத புதிர்.

கடிகாரம் எதை அளக்கிறது?

ஒரு நொடி என்றால் என்ன? ஒரு நாளை 86,400 ஆகப் பிரித்தால் ஒரு நொடி என்று முன்பு சொன்னார்கள். ஆனால் பூமி சுற்றும் வேகம் மிகத் துல்லியமாகப் பார்த்தால் ஒரே சீராக இல்லை. அதனால் 1967-ல் நொடிக்கான விளக்கம் மாற்றப்பட்டது. சீசியம்-133 என்ற அணு, ஒரு குறிப்பிட்ட ஆற்றல் மாற்றத்தின்போது வெளியிடும் அலை 919,26,31,770 முறை அதிர எடுத்துக்கொள்ளும் நேரமே ஒரு நொடி. இன்று உங்கள் மொபைலில் தெரியும் நேரம் வரை எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த அணுக் கடிகாரங்கள்தான்.

இந்தக் கடிகாரங்கள் வந்த பிறகுதான், ஐன்ஸ்டீன் 1905-லும் 1915-லும் காகிதத்தில் எழுதியதை நேரடியாகச் சோதிக்க முடிந்தது. வேகமாக நகரும் கடிகாரம் மெதுவாக ஓடும் என்பது ஒன்று. ஈர்ப்பு விசை அதிகமுள்ள இடத்தில் கடிகாரம் மெதுவாக ஓடும் என்பது இன்னொன்று.

1971 அக்டோபரில் ஜோசப் ஹாஃபலே, ரிச்சர்ட் கீட்டிங் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 4 சீசியம் கடிகாரங்களோடு சாதாரண பயணிகள் விமானத்தில் ஏறினார்கள். ஒருமுறை கிழக்கு நோக்கியும் ஒருமுறை மேற்கு நோக்கியும் உலகைச் சுற்றினார்கள். திரும்பி வந்து தரையில் இருந்த கடிகாரத்தோடு ஒப்பிட்டபோது, கிழக்கே போன கடிகாரங்கள் சுமார் 59 நானோ நொடி பின்தங்கியிருந்தன. மேற்கே போனவை சுமார் 273 நானோ நொடி முந்தியிருந்தன. ஒரு நானோ நொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஐன்ஸ்டீனின் கணக்கோடு இது ஒத்துப்போனது.

'இவ்வளவு சின்ன வித்தியாசத்தால நமக்கென்ன?' என்று கேட்கலாம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் தரையிலிருந்து சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. வேகத்தால் அவற்றின் கடிகாரம் ஒரு நாளைக்கு 7 மைக்ரோ நொடி பின்தங்கும். உயரத்தில் ஈர்ப்பு குறைவு என்பதால் 45 மைக்ரோ நொடி முந்தும். கூட்டிக் கழித்தால் நாளொன்றுக்கு 38 மைக்ரோ நொடி முந்துகிறது. இதைச் சரிசெய்யாமல் விட்டால், ஒரே நாளில் சுமார் 10 கி.மீ. அளவுக்குத் தவறு சேர்ந்துவிடும். உணவு டெலிவரி வண்டி உங்கள் தெருவுக்கு வருவதற்குப் பின்னால் சார்பியல் கணக்கு இருக்கிறது.

இந்தத் துல்லியத்துக்காகத்தான் நாடுகள் சொந்த அணுக் கடிகாரத்துக்கு மெனக்கெடுகின்றன. 2023 மே 29-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ ஏவிய என்விஎஸ்-01 நாவிக் செயற்கைக்கோளில், முதன்முறையாக இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட ரூபிடியம் அணுக் கடிகாரம் வைக்கப்பட்டது.

2022-ல் அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள ஜிலா ஆய்வகத்தில், ஒரே ஒரு மில்லிமீட்டர் உயர வித்தியாசத்தில் நேரம் வேறு வேகத்தில் ஓடுவதை அளந்து காட்டினார்கள். அதாவது உங்கள் கால் விரலைவிட உங்கள் தலைக்கு மிக மிகச் சிறிதளவு வேகமாக வயதாகிறது. இது உவமை இல்லை, அளந்து பார்த்த உண்மை.

'இப்போது' எல்லோருக்கும் ஒன்றா?

இலக்கண வகுப்பில் மூன்று காலம் படித்தோம். இறந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம். வினைச்சொல்லைப் பார்த்தாலே எந்தக் காலம் என்று தெரிந்துவிடும். ஆனால் இயற்பியலின் சமன்பாடுகளில் 'நிகழ்காலம்' என்பதற்குத் தனி அடையாளமே கிடையாது. நேரம் ஓர் எண்ணாக வருகிறது. 'இதுதான் இப்போது' என்று எந்தச் சமன்பாடும் விரல் நீட்டிக் காட்டுவதில்லை.

சார்பியல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஓடும் ரயில் பெட்டியின் நடுவில் ஒருவர் உட்கார்ந்து டார்ச் லைட்டைப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பார்வையில் வெளிச்சம் முன்சுவரையும் பின்சுவரையும் ஒரே நேரத்தில் தொடுகிறது. பிளாட்பாரத்தில் நிற்பவருக்கு அப்படி இல்லை. ரயில் நகர்வதால் பின்சுவர் வெளிச்சத்தை நோக்கி வருகிறது, முன்சுவர் விலகிப் போகிறது. ஒளியின் வேகம் இருவருக்கும் ஒன்றுதான். ஆகவே பிளாட்பாரத்தில் நிற்பவருக்குப் பின்சுவரில்தான் வெளிச்சம் முதலில் படும். யார் சொல்வது சரி? இருவர் சொல்வதும் சரி. 'ஒரே நேரத்தில்' என்பது பார்ப்பவரின் இயக்கத்தைப் பொறுத்தது.

இங்கே ஒரு கட்டுப்பாடும் உண்டு. ஒரு நிகழ்வு இன்னொன்றுக்குக் காரணமாக இருந்தால், அந்த வரிசை யாருக்கும் மாறாது. முட்டை உடைந்த பிறகுதான் ஆம்லெட். எந்த ரயிலில் இருந்து பார்த்தாலும் அப்படித்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வைரல் வீடியோவுக்கு வரும்போது தேவைப்படும்.

ஒரே ஒரு எலக்ட்ரான், இரண்டு வழிகள்

சரி, குவாண்டம் உலகுக்குள் நுழைவோம். ஒரு தடுப்பில் இரண்டு மெல்லிய கீறல்கள். அந்தப் பக்கம் ஒரு திரை. தடுப்பை நோக்கி ஒளித்துகள்களை, அதாவது போட்டான்களை, ஒவ்வொன்றாக அனுப்புகிறோம். எலக்ட்ரான்களையும் அனுப்பலாம்.

ஒவ்வொரு துகளும் திரையில் ஒரு புள்ளியாகத்தான் விழுகிறது. முதலில் தாறுமாறாகத் தெரியும். ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகு, வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வரும் பட்டைகள் உருவாகின்றன. இரண்டு அலைகள் ஒன்றோடொன்று கலந்தால்தான் இப்படிப் பட்டைகள் வரும். 1989-ல் ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனத்தில் அகிரா டோனோமுரா குழு எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பி, இந்தப் பட்டைகள் புள்ளி புள்ளியாக உருவாவதைப் பதிவு செய்தது. ஒரு நேரத்தில் ஒரு எலக்ட்ரான்தான் போகிறது என்றால், அது எதனுடன் கலந்தது?

இதில் இன்னொரு திருப்பம். எந்தக் கீறல் வழியாகப் போனது என்று தெரிந்துகொள்ள ஒரு கருவியை வைத்தால், பட்டைகள் மறைந்துவிடுகின்றன. திரையில் பட்டை இல்லாத ஒரு பரவல் மட்டுமே மிஞ்சும். வழி தெரிந்தால் பட்டை இல்லை. பட்டை வேண்டுமென்றால் வழி தெரியாது. இதுவரை நேரம் பற்றிய சிக்கல் எதுவும் இல்லை. அதைக் கொண்டுவந்தவர் ஜான் வீலர்.

வீலர் கேட்ட கேள்வி

'பிளாக் ஹோல்' என்ற பெயரைப் பிரபலமாக்கிய அமெரிக்க இயற்பியலாளர் ஜான் ஆர்ச்சிபால்ட் வீலர், 1978-ல் ஒரு சிந்தனைப் பரிசோதனையை முன்வைத்தார். கேள்வி எளிமையானது: போட்டான் பாதையில் பாதி தூரம் வந்த பிறகு, எப்படி அளப்பது என்று நாம் முடிவை மாற்றினால் என்ன ஆகும்?

கீறல்களுக்குப் பதிலாகக் கண்ணாடியை வைத்துப் பார்ப்பது சுலபம். பாதி ஒளியை உள்ளே விட்டு, மீதியைத் திருப்பும் கண்ணாடி ஒன்று வாசலில் இருக்கிறது. அங்கிருந்து இரண்டு பாதைகள் பிரிகின்றன. இரண்டும் கடைசியில் ஓரிடத்தில் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பில் அதேபோன்ற இரண்டாவது கண்ணாடியை வைக்கலாம், வைக்காமலும் இருக்கலாம். அதைத் தாண்டி இரண்டு டிடெக்டர்கள்.

இரண்டாவது கண்ணாடி இல்லையென்றால், போட்டான்களில் பாதி ஒரு டிடெக்டரிலும் பாதி மற்றதிலும் விழும். எந்த டிடெக்டர் 'டிக்' என்றது என்பதை வைத்து, எந்தப் பாதையில் வந்தது என்று சொல்லிவிடலாம். கண்ணாடியை வைத்தால் கதை மாறுகிறது. பாதைகளின் நீளத்தைச் சரியாக அமைத்தால், எல்லாப் போட்டான்களும் ஒரே டிடெக்டருக்குப் போகும். இரண்டு பாதைகளும் பங்கெடுத்தால்தான் அப்படி நடக்க முடியும்.

இப்போது, போட்டான் வாசலைத் தாண்டிய பிறகே இரண்டாவது கண்ணாடியை வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறோம். 'ஒரு பாதையில் போகலாமா, இரண்டிலும் போகலாமா' என்று அது ஏற்கெனவே தீர்மானித்திருந்தால், நமது தாமதமான முடிவு அதைக் குழப்ப வேண்டும்.

2007-ல் பிரான்சில் ஒரு குழு இதைச் செய்துகாட்டியது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அலெய்ன் ஆஸ்பெக்ட் அதில் ஒருவர். பாதையின் நீளம் 48 மீட்டர். ஒளி அதைக் கடக்க 160 நானோ நொடிதான். அதற்குள் கண்ணாடி 'இருக்கிறதா, இல்லையா' என்பதை மனிதர் அல்ல, தற்செயலாக எண் உருவாக்கும் ஒரு குவாண்டம் கருவி முடிவு செய்தது. முடிவு? குவாண்டம் கோட்பாடு சொன்னபடியே வந்தது. தாமதமாக முடிவெடுத்ததால் ஒரு வித்தியாசமும் இல்லை. 2017-ல் இத்தாலியக் குழு ஒன்று, செயற்கைக்கோளுக்கு லேசர் ஒளியை அனுப்பித் திரும்பப் பெற்று, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரத்திலும் இதே முடிவைக் கண்டது.

வீடியோக்கள் இங்கேதான் சறுக்குகின்றன. 'கடைசியில் எடுத்த முடிவு, போட்டான் வாசலில் செய்ததை மாற்றிவிட்டது' என்கின்றன. இந்த வாதத்துக்கு அடியில் யாரும் கவனிக்காத ஓர் அனுமானம் இருக்கிறது. போட்டான் வாசலிலேயே 'நான் அலை' அல்லது 'நான் துகள்' என்று முடிவு செய்துவிட்டதாக நாமே எடுத்துக்கொள்கிறோம். குவாண்டம் கோட்பாடு அப்படிச் சொல்லவே இல்லை. கண்ணாடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாசலில் நடப்பது ஒன்றுதான். கணக்கை ஆரம்பத்திலிருந்து முன்னோக்கியே போட்டுக்கொண்டு வந்தாலும் சரியான விடை கிடைக்கிறது. பின்னோக்கிப் போக வேண்டிய அவசியமே இல்லை. வீலரும் கடந்த காலம் மாறுகிறது என்று சொல்லவில்லை. அளந்து பதிவாகும் வரை, நடுவில் போட்டான் இப்படித்தான் இருந்தது என்று கதை சொல்ல நமக்கு உரிமை இல்லை என்பதே அவர் வாதம்.

கோலத்தை அழித்தது யார்?

இன்னும் அதிகமாக வைரலாவது 'குவாண்டம் அழிப்பான்' பரிசோதனை. 1999-ல் அமெரிக்காவில் யூன்-ஹோ கிம், யான்ஹுவா ஷிஹ் உள்ளிட்டோர் செய்து 2000-ல் வெளியிட்டது.

இதில் ஒவ்வொரு போட்டானும் ஜோடியாகப் பிறக்கிறது. அந்த ஜோடிக்கு இடையே 'என்டேங்கிள்மென்ட்' எனப்படும் குவாண்டம் பின்னல் இருக்கிறது. ஒன்று நேராக ஒரு டிடெக்டரில் விழுகிறது. அதன் ஜோடி இன்னும் நீளமான பாதையில் போய், சில நானோ நொடி தாமதமாக வேறு டிடெக்டர்களில் ஒன்றில் விழுகிறது. அவற்றில் சில, எந்த வழியில் வந்தது என்ற தகவலைத் தரும். மற்றவை அந்தத் தகவலை அழித்துவிடும். தகவல் அழிக்கப்பட்ட ஜோடிகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் பட்டைகள் தெரிகின்றன. தகவல் இருக்கும் ஜோடிகளில் தெரியவில்லை. 'அட, பிறகு நடந்த அழிப்பு, முன்னால் விழுந்த போட்டானை மாற்றிவிட்டதே!' என்று தோன்றும்.

வீடியோக்கள் சொல்லாமல் விடும் விஷயம் இது: முதல் டிடெக்டரில் விழுந்த எல்லாப் புள்ளிகளையும் மொத்தமாகப் பார்த்தால், எப்போதுமே பட்டைகள் கிடையாது. பிறகு என்ன செய்தாலும் அந்த மொத்தப் படம் மாறுவதில்லை.

வாசலில் இரண்டு கோலங்களை ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரே வெள்ளை மாவில் புள்ளி வைத்துப் போட்டால் எப்படி இருக்கும்? வெறும் புள்ளிக் கூட்டம்தான். பிறகு ஒருவர் வந்து, எந்தப் புள்ளி முதல் கோலத்துடையது, எது இரண்டாவதுடையது என்று ஒரு பட்டியல் தருகிறார். அதை வைத்துப் பிரித்தால் இரண்டு அழகான கோலங்கள் தெரிகின்றன. ஒரு புள்ளிகூட நகரவில்லை. பட்டியல் வந்தது, நாம் பிரித்தோம், அவ்வளவுதான். குவாண்டம் அழிப்பானில் இரண்டாவது போட்டான் தருவது அந்தப் பட்டியலைத்தான். ஒரு டிடெக்டர் காட்டும் பட்டையின் வெளிச்சப் பகுதி, இன்னொரு டிடெக்டர் காட்டும் பட்டையின் இருட்டுப் பகுதியில் சரியாகப் பொருந்தி, மொத்தத்தில் இரண்டும் மறைந்துவிடுகின்றன.

இந்த உவமை ஓரிடத்தில் போதாது. கோலத்தில் எந்தப் புள்ளி எதைச் சேர்ந்தது என்பது முன்பே முடிவானது. குவாண்டத்தில், இரண்டாவது போட்டானை எப்படி அளக்கிறோமோ அதற்கேற்ப வேறு வேறு விதமான பட்டியல் கிடைக்கும். எல்லாப் பட்டியல்களும் முன்பே எழுதி வைக்கப்பட்டவை என்றும் சொல்ல முடியாது. ஜான் பெல் 1964-ல் காட்டிய கணக்கும், அதைச் சோதித்த ஆய்வுகளும் அந்த எளிய விளக்கத்துக்கு இடம் தரவில்லை. அந்தச் சோதனைகளுக்காகத்தான் ஆஸ்பெக்ட், ஜான் கிளாசர், ஆன்டன் சைலிங்கர் மூவருக்கும் 2022-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. விசித்திரம் உண்மை. அது கடந்த காலத்தைத் திருத்தும் விசித்திரம் இல்லை, அவ்வளவே.

விளைவு பின்னோக்கியும் போகலாம் என்று பொருள்கொள்ளும் விளக்கத்தை ஆதரிக்கும் அறிஞர்களும் இருக்கிறார்கள். தத்துவ அறிஞர் ஹியூ பிரைஸ் அவர்களில் ஒருவர். ஆனால் அது பரிசோதனைக்குத் தரப்படும் பல விளக்கங்களில் ஒன்று. 'நிரூபிச்சுட்டாங்க' என்று சொல்ல முடியாது.

பார்த்துக்கொண்டே இருந்தால் மாற்றம் நிற்குமா?

நேரமும் அளவீடும் சந்திக்கும் இன்னொரு இடத்தில் நமக்குத் தெரிந்த பெயர் ஒன்று வருகிறது. இ.சி.ஜி. சுதர்சன். கேரளத்தின் கோட்டயம் பகுதியில் 1931-ல் பிறந்தவர், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். 1980-களில் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார்.

1977-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, வைத்யநாத் மிஸ்ராவுடன் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். ஒரு குவாண்டம் அமைப்பு மாறிக்கொண்டிருக்கும்போது, 'மாறிட்டியா, மாறிட்டியா' என்று அடிக்கடி சோதித்துக்கொண்டே இருந்தால், அது மாறவே மாறாது என்பதுதான் அதன் சாரம். பறக்கும் அம்பு ஒவ்வொரு கணத்திலும் ஓரிடத்தில் நிற்கிறது, அப்படியானால் அது எப்படி நகர்கிறது என்று கேட்ட பண்டைய கிரேக்க அறிஞர் ஜீனோவின் பெயரை இதற்கு வைத்தார்கள். அதுதான் 'குவாண்டம் ஜீனோ விளைவு'.

1990-ல் கொலராடோவில் டேவிட் வைன்லேண்ட் உள்ளிட்ட குழு இதைச் செய்துகாட்டியது. சுமார் 5,000 பெரிலியம் அயனிகளை ஓரிடத்தில் பிடித்து வைத்து, ஒரு ரேடியோ அலையைப் பாய்ச்சினார்கள். 256 மில்லி நொடியில் எல்லா அயனிகளும் முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு மாறிவிட வேண்டும். ஆனால் அந்த இடைவெளியில் 64 முறை லேசரால் சோதித்தபோது, பெரும்பாலானவை முதல் நிலையிலேயே நின்றுவிட்டன.

இங்கேயும் ஒரு எச்சரிக்கை: நேரம் நிற்கவில்லை. ஆய்வகச் சுவரில் இருந்த கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அயனிகளின் மாற்றம்தான் தடைபட்டது. பார்த்தது மனிதக் கண்ணும் அல்ல, லேசர் ஒளி.

காபியில் கலந்த பால் ஏன் பிரிவதில்லை?

அடிப்படை இயற்பியல் விதிகள், சில அரிய துகள் நிகழ்வுகளைத் தவிர, முன்னோக்கிப் போனாலும் பின்னோக்கிப் போனாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. எர்வின் ஷ்ரோடிங்கர் 1926-ல் எழுதிய குவாண்டம் சமன்பாடும் அப்படித்தான். அப்படின்னா டிகாஷனில் ஊற்றிய பால் ஏன் தானாகப் பிரிந்து மேலே வருவதில்லை?

லுட்விக் போல்ட்ஸ்மன் 19-ம் நூற்றாண்டில் தந்த பதில்: எண்ணிக்கை. பாலும் டிகாஷனும் கலந்து இருப்பதற்கான வழிகள் கோடானுகோடி. தனித்தனியாகப் பிரிந்து இருப்பதற்கான வழிகள் மிகக் குறைவு. கண்ணை மூடிக்கொண்டு கலக்கினால், அதிக வழிகள் உள்ள பக்கம்தான் போகும். இந்த ஒழுங்கின்மையின் அளவைத்தான் 'என்ட்ரோபி' என்கிறார்கள். அது கூடும் திசையைத்தான் நாம் எதிர்காலம் என்று உணர்கிறோம். நினைவு, முதுமை, உடைந்த கண்ணாடி எல்லாம் அந்தத் திசையில்தான்.

ஆனால் இதுவும் முழுப் பதில் அல்ல. என்ட்ரோபி கூடிக்கொண்டே வர வேண்டுமென்றால், தொடக்கத்தில் மிகக் குறைவாக இருந்திருக்க வேண்டும். சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரபஞ்சம் ஏன் அவ்வளவு ஒழுங்காகத் தொடங்கியது? அந்தக் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

நேரமே இல்லாத சமன்பாடு

இப்போது உண்மையான புதிருக்கு வருவோம்.

குவாண்டம் இயற்பியலில் ஒரு துகளின் இடத்தை அளக்கலாம், உந்தத்தை அளக்கலாம், ஆற்றலை அளக்கலாம். நேரம் மட்டும் இந்தப் பட்டியலில் சேராது. அது வெளியே சுவரில் மாட்டிய கடிகாரம் மாதிரி. நாடகம் மேடையில் நடக்கிறது, கடிகாரம் அரங்கத்தின் பின்சுவரில் ஓடுகிறது. நடிகர்களால் அதைத் தொட முடியாது. 1687-ல் நியூட்டன் சொன்ன, எதையும் சார்ந்திராமல் சீராக ஓடும் நேரத்தின் மிச்சம் இது.

ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியலில் அப்படி வெளியே ஒரு கடிகாரம் கிடையாது. நேரமும் மேடையில் இருக்கும் ஒரு நடிகர்தான். எடை அதிகமுள்ள பொருள் பக்கத்தில் வந்தால் நேரம் மெதுவாகிறது. அதைத்தான் மில்லிமீட்டர் கணக்கில் அளந்துவிட்டார்களே.

இரண்டு கோட்பாடுகளும் தனித்தனியாக எல்லாச் சோதனைகளிலும் தேறியவை. ஆனால் கருந்துளையின் உள்ளே, பிரபஞ்சத்தின் தொடக்கத்தில், இரண்டும் சேர்ந்தே வேண்டும். 1967-ல் பிரைஸ் டிவிட் வெளியிட்ட, இன்று 'வீலர்-டிவிட் சமன்பாடு' எனப்படும் சமன்பாடு, முழுப் பிரபஞ்சத்தையும் குவாண்டம் முறையில் விவரிக்க முயன்றது. எழுதிப் பார்த்தால் அதில் நேரத்தைக் குறிக்கும் எழுத்தே இல்லை. அந்தச் சமன்பாட்டின்படி பிரபஞ்சம் மாறுவதே இல்லை. உறைந்த படம். ஆனால் நாமோ காலையில் எழுந்து, பஸ் பிடித்து, இரவில் தூங்குகிறோம். இந்த முரண்பாட்டுக்குத்தான் இயற்பியலாளர்கள் 'நேரச் சிக்கல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

1983-ல் டான் பேஜ், வில்லியம் வூட்டர்ஸ் இருவரும் ஒரு வழி சொன்னார்கள். பிரபஞ்சத்துக்கு வெளியே கடிகாரம் இல்லைதான். உள்ளே ஒரு பகுதியைக் கடிகாரமாக எடுத்துக்கொள்வோம். கைக்கடிகாரம் இல்லாத காலத்தில் கிராமத்தில் என்ன செய்தார்கள்? கோயில் மணி அடிக்கும்போது மாடு வீடு திரும்பும், நிழல் திண்ணையைத் தொடும்போது பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவார்கள். ஒன்றை வைத்து இன்னொன்று. நேரம் என்பதே இப்படிப் பொருட்களுக்கு இடையிலான உறவுதான், குவாண்டம் பின்னலால் உருவாகும் உறவு என்பது அவர்கள் யோசனை.

2013-ல் இத்தாலியின் டூரின் நகரில் ஏகடெரினா மோரேவா உள்ளிட்ட குழு, இரண்டு போட்டான்களை மட்டும் கொண்ட ஒரு பொம்மைப் பிரபஞ்சத்தை உருவாக்கி இதைக் காட்டியது. ஒரு போட்டானைக் கடிகாரமாக வைத்து மற்றதைப் பார்த்தால், அது மாறிக்கொண்டே இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வெளியிலிருந்து பார்த்தால், எதுவும் மாறவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. நமது பிரபஞ்சம் அப்படித்தான் இயங்குகிறது என்பதற்கு இது நிரூபணம் அல்ல.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலப்பயணம் சாத்தியமா?
எதிர்காலம் நோக்கி என்றால், சிறிய அளவில் ஏற்கெனவே நடக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் 6 மாதம் இருந்து திரும்பும் வீரர், நம்மைவிட சுமார் 0.005 நொடி குறைவாக வயதாகித் திரும்புகிறார். கடந்த காலத்துக்குப் போனதாக எந்தப் பரிசோதனையும் இல்லை.

குவாண்டம் பின்னல் மூலம் ஒளியைவிட வேகமாகவோ, நேற்றைக்கோ செய்தி அனுப்ப முடியுமா?
முடியாது. 2017-ல் சீனாவின் 'மிசியஸ்' செயற்கைக்கோள் 1,200 கி.மீ. இடைவெளியில் பின்னலைக் காட்டியது. ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் தனியாகத் தெரிவது தாறுமாறான முடிவுகள் மட்டுமே. இரண்டு பட்டியல்களையும் சாதாரண வழியில் அனுப்பி ஒப்பிட்ட பிறகுதான் தொடர்பு தெரியும்.

நாம் பார்ப்பதால்தான் உலகம் மாறுகிறதா?
'பார்ப்பது' என்றால் இங்கே அளப்பது என்று பொருள். ஒரு கருவியோ, லேசர் ஒளியோ, காற்றுத் துகளோ போதும். அளவீட்டின்போது என்ன நடக்கிறது என்பதில் விஞ்ஞானிகளிடையே விவாதம் உண்டு. அதற்கு மனித மனம் தேவை என்று பரிசோதனை எதுவும் காட்டவில்லை. 'நினைத்தால் நடக்கும்' என்று குவாண்டம் பெயரில் கோர்ஸ் விற்பவர்களிடம் கவனமாக இருங்கள்.

இந்த ஆராய்ச்சியால் நமக்கு என்ன பயன்?
சீசியத்தைவிடத் துல்லியமான ஒளியியல் கடிகாரங்கள் வந்துவிட்டன. அவற்றை வைத்து நொடியின் விளக்கத்தையே 2030 வாக்கில் மாற்றுவதற்கான ஏற்பாடுகள் சர்வதேச அளவில் நடக்கின்றன.

அப்போ, போன வருஷத்தை மாற்ற முடியுமா?

முடியாது. அந்த கமெண்ட்டைப் போட்டவர் விளையாட்டுக்குக் கேட்டிருக்கலாம், நிஜமாகவே எதையோ இழந்து கேட்டிருக்கலாம். 1955-ல் தன் நெருங்கிய நண்பர் மிஷேல் பெசோ இறந்தபோது, ஐன்ஸ்டீன் அவர் குடும்பத்துக்கு எழுதிய கடிதத்தில், இயற்பியலை நம்புகிறவர்களுக்குக் கடந்தது, நிகழ்வது, வருவது என்ற பிரிவு பிடிவாதமான ஒரு மாயை மட்டுமே என்ற பொருளில் ஆறுதல் சொன்னார். ரீல்ஸில் வரும் 'நேரம் ஒரு மாயை' என்ற வரிக்கு வேர் இதுதான். ஆனால் அவர் சொன்னது, போனதைத் திருத்தலாம் என்று அல்ல. போனதும் இருப்பைப் போலவே உண்மை, அதை யாராலும் அழிக்க முடியாது என்ற அர்த்தத்தில்தான்.

அடுத்த முறை அந்த வீடியோ உங்கள் திரையில் வந்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மொத்தப் புள்ளிகளும் எங்கே?" அதைக் காட்டாத வீடியோ, பாதிக் கோலத்தை மட்டும்தான் உங்களுக்குக் காட்டுகிறது.